ரிவோல்ட்: வயிறும் புரளும், ஊரும் புரளும்

பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், ஆங்கில வழி. மாலையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். போன வாரம் 1857 பற்றி ஒரு பத்தி எழுதிக் காட்டினாள். முதல் வரி இது: "த ஸிப்பாய்ஸ் வேர் ரிவோல்ட்டிங் இன் 1857." சிப்பாய்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். நான் பென்சிலால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"தப்பா அக்கா?"

"இலக்கணம் சரிதான். ஆனா ஒரு வெள்ளைக்காரர் இதைப் படிச்சா, சிப்பாய்களைப் பார்த்தாலே குமட்டுச்சுன்னு நீ எழுதியிருக்கறதா நினைச்சுக்குவார்."

அவள் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அதெப்படி அக்கா, கலகத்துக்கும் குமட்டலுக்கும் ஒரே வார்த்தை?"

நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்தவரை அந்தச் சொல்லின் கதையை அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆங்கிலம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் சுருக்கமாகப் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 'ரிவோல்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் கலகம், கிளர்ச்சி, எழுச்சி. வினைச்சொல்லாக வந்தால் இரண்டு பொருள்: ஒன்று, அதிகாரத்தை எதிர்த்துக் கிளம்புவது, இன்னொன்று, ஒருவருக்குக் கடும் அருவருப்பை உண்டாக்குவது. 'ரிவோல்ட்டிங்' என்று உரிச்சொல்லாக வந்தால் இன்றைய ஆங்கிலத்தில் அநேகமாக எப்போதுமே "குமட்டுகிற, சகிக்க முடியாத" என்றுதான் பொருள். அந்தப் பெண்ணின் வாக்கியம் சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் இதை வைத்து ஒரு பழைய சிலேடையே உண்டு. சேவகன் ஓடிவந்து, "குடியானவர்கள் ரிவோல்ட்டிங், அரசே!" என்கிறான். அரசன், "ஆமாம், பார்க்கவே சகிக்கவில்லை" என்கிறான். கலகம் என்று சேவகன் சொன்னது அருவருப்பு என்று அரசன் காதில் விழுகிறது.

சரி, இரண்டும் எப்படி ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன?

லத்தீன் மொழியில் 'வோல்வெரே' என்று ஒரு வினை. உருட்டு, சுழற்று, புரட்டு என்று பொருள். அதன் முன்னால் 're' என்பதன் ஒலியான 'ரெ' சேர்ந்தால் 'திரும்ப', 'பின்னோக்கி' என்ற பொருள் கூடும். 'ரெவோல்வெரே' என்றால் பின்னோக்கி உருட்டுவது, திருப்பிப் புரட்டுவது. அது இத்தாலிய மொழியில் 'ரிவோல்தாரே' ஆகி, பிரெஞ்சில் 'ரெவோல்தே' ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு 'ரிவோல்ட்' என்று வந்து சேர்ந்தது.

இந்த 'வோல்வெரே'யின் பிள்ளைகள் நம்மைச் சுற்றி நிறையவே இருக்கிறார்கள். சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் கைத்துப்பாக்கி 'ரிவால்வர்'. சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது அந்த வகைத் துப்பாக்கிக்குத்தான். பரிணாமத்தைக் குறிக்கும் 'எவல்யூஷன்' என்பது சுருட்டி வைத்தது விரிவது. சுவீடனின் 'வோல்வோ' வண்டிக்கு அர்த்தமே "நான் உருள்கிறேன்". புத்தகத் தொகுதியைச் சொல்கிற 'வால்யூம்' கூட இதே குடும்பம்தான். அந்தக் காலத்துப் புத்தகம் சுருள், அதை உருட்டித்தான் படிக்க வேண்டும். நாமும் புத்தகத்தைப் 'புரட்டி'த்தான் படிக்கிறோம்.

அப்புறம் 'ரெவல்யூஷன்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் கொடியும் கூட்டமும் கண்முன் வரும். ஆனால் 1543-ல் கோப்பர்நிக்கஸ் தன் நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல்லை வைத்தபோது, அவர் சொன்னது வானத்துக் கோளங்கள் சுற்றிவருவதைப் பற்றி. கோள் ஒன்று சுற்றிப் பழைய இடத்துக்கே வருவது ரெவல்யூஷன். ஆட்சி தலைகீழாவதற்கு அந்தச் சொல் நிலைத்தது அதற்கப்புறம்தான்.

ஆக, 'ரிவோல்ட்' என்ற சொல்லின் அடியில் கிடக்கிற படம் ஒன்றே ஒன்று: போய்க்கொண்டிருந்த ஒன்று சட்டென்று திரும்பிப் புரள்கிறது. புரள்வது யார், எங்கே என்பதுதான் மாறுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று நம் சொல்லைப் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். திரள் என்ற வினையிலிருந்து திரட்சி. வறள் என்பதிலிருந்து வறட்சி. மிரள் என்பதிலிருந்து மிரட்சி. அதே வழியில் புரள் என்பதிலிருந்து புரட்சி. 'புரட்சி' என்று மேடையில் முழங்குகிறோமே, அதன் உள்ளே இருப்பது புரளுதல்தான். மண்ணைப் புரட்டிப் போடுகிறோம். வெள்ளம் கரைபுரண்டு ஓடுகிறது. இதே புரட்டல் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து மலைப்பாதையில் போகும்போது என்ன சொல்கிறோம்? "வயித்தைப் புரட்டுது." ஊசிப்போன குழம்பின் மூடியைத் திறந்தால்? "வயித்தைப் புரட்டிக்கிட்டு வருது."

லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. இரண்டு இடத்து மனிதர்களும் தங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து ஒரே சொல்லை எடுத்திருக்கிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் 'புரட்டு' வயிற்றோடும் 'புரட்சி' நாட்டோடும் தனித்தனியே நின்றுவிட்டன. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே உருவம் செய்கிறது. அந்தப் பெண்ணிடம் "வயித்தைப் புரட்டுது, புரட்சி, ரெண்டையும் சேர்த்துப் பாரு" என்றேன். "ஓ!" என்றாள். அதற்குமேல் விளக்கமே தேவைப்படவில்லை.

ஆங்கிலத்தில் முதலில் வந்தது கலகப் பொருள்தான். அதிலும் ஆரம்பத்தில் 'ரிவோல்ட்' என்றால் ஆயுதம் தூக்குவதைவிட, பற்று மாறுவது, இருந்த பக்கத்தை விட்டு விலகிப்போவது என்ற சாயல் தூக்கலாக இருந்தது. ஷேக்ஸ்பியர், காதலில் மனம் மாறிப்போவதற்குக்கூட இந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார். 1611-ல் வந்த ஆங்கில வேதாகமத்தில் ஏசாயா முதல் அதிகாரம், ஐந்தாம் வசனத்தில் இந்தச் சொல் வருகிறது. அதே இடத்தில் நம் தமிழ் வேதாகமம் விலகிப்போவதைத்தான் பேசுகிறது. சர்ச்சில் அந்த வசனத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழைய பொருள் ஏற்கெனவே பழக்கமாகத்தான் இருக்கும்.

அருவருப்புப் பொருள் ஏறியது, சொல் ஆங்கிலத்துக்கு வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்து, 18-ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சுக்காரர்கள் இப்படிப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. யோசித்தால் வழி தெளிவாகவே தெரிகிறது. ஆளும் அரசனைவிட்டுக் குடிமக்கள் திரும்புகிறார்கள். அதே மாதிரி, கண்முன் இருக்கிற பொருளைவிட்டு மனம் திரும்புகிறது, உடம்பு திரும்புகிறது. முகத்தைச் சுளித்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். உள்ளே போனது மேலே வரப் பார்க்கிறது. கலகக்காரன் ஆணைக்குச் சொல்வதும் தொண்டை சோற்றுக்குச் சொல்வதும் ஒன்றுதான்: இதை நான் ஏற்க மாட்டேன்.

இது வெறும் சொல் விளையாட்டு என்று யாராவது நினைத்தால், வரலாற்றில் சில இடங்களைக் காட்ட எனக்கு ஆசை. இரண்டு பொருளும் ஒரே நாளில், ஒரே ஆட்களிடம் சேர்ந்து வந்த இடங்கள் அவை.

1857-ஐயே எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டா காகிதத்தில் சுற்றியிருக்கும். அதைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். அந்தக் காகிதத்தில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற செய்தி படைவீடுகளில் பரவியது. இந்துச் சிப்பாய்க்கு ஒன்று ஆகாது, முஸ்லிம் சிப்பாய்க்கு மற்றது ஆகாது. அதுவும் கையால் தொடுகிற விஷயமாக இருந்தால் கழுவிக்கொள்ளலாம். இது வாய்க்குள் போகிற விஷயம். மீரட்டில் மூன்றாம் வங்காளக் குதிரைப்படையின் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 9 அன்று, சக வீரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர்களின் சீருடையைக் களைந்து காலில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மே 10, ஞாயிற்றுக்கிழமை, மீரட் எழுந்தது. 1856-ல் அவத் நாட்டைக் கம்பெனி விழுங்கியது, நிலவரி, சம்பளம், அவமரியாதை என்று அதற்குப் பின்னால் காரணங்கள் நிறைய. ஆனால் திரி பற்றிக்கொண்டது வாயில் வைக்க முடியாத ஒரு பொருளில்.

நம் வேலூரில் அதற்கு 51 ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது. நெற்றியில் சமயக்குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு. அந்தத் தலைப்பாகையில் ஒரு தோல்குஞ்சம். எந்த விலங்கின் தோலோ என்ற அருவருப்பும், மதம் மாற்றப் பார்க்கிறார்களோ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10 விடியும் முன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது, உயிர்ச்சேதம் ஏராளம்.

ரஷ்யாவின் பொட்டெம்கின் போர்க்கப்பல் இன்னும் நேரடியான உதாரணம். 1905 ஜூன் மாதம், கருங்கடல். மாலுமிகளின் சாப்பாட்டுக்கு வாங்கி வந்த இறைச்சியில் புழு நெளிந்தது. கப்பலின் மருத்துவர் வந்து பார்த்தார். வினிகரில் கழுவினால் போதும், சாப்பிடலாம் என்றார். அந்த இறைச்சியைப் போட்டுக் கொதிக்க வைத்த போர்ஷ்ட் சூப்பை மாலுமிகள் தொடவில்லை. தொடாதவர்களைத் தண்டிக்கப் போனார்கள் அதிகாரிகள். கொஞ்ச நேரத்தில் கப்பலே மாலுமிகள் கைக்குப் போய்விட்டது. அந்த மருத்துவர் சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். புழுவைக் கழுவிவிடலாம்தான். ஆனால், "உங்களுக்கு இது போதும்" என்று அதற்குள் ஒளிந்திருக்கிறதே, அதை எந்த வினிகரில் கழுவுவது?

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கும் மோசமான சாப்பாடு ஒரு காரணம். இன்னொரு காரணம் அதிகாரிகள் பேசிய இழிவான பேச்சு. தட்டில் விழுந்ததும் காதில் விழுந்ததும் ஒரே வகை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது துருக்கியின் ஜானிசரிப் படை. சுல்தான் போடும் சோறு அவர்களுக்கு விசுவாசத்தின் அடையாளம். படைப்பிரிவின் தலைவருக்குப் பட்டமே 'சூப்புக்காரர்' என்ற பொருளில்தான் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெரிய அண்டா உண்டு, அதைக் கொடிபோல் மதிப்பார்கள். சுல்தானின் மேல் கோபம் வந்தால் அண்டாவைத் தூக்கி வந்து கவிழ்ப்பார்கள். அவ்வளவுதான், கலகம் தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். 1826-ல் அந்தப் படையையே ஒழித்துவிட்டார்கள். ஆனால் துருக்கிய மொழியில் இன்றும் "அண்டாவைத் தூக்குவது" என்றால் எதிர்த்துக் கிளம்புவது.

அண்டா இல்லை, தட்டு: அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் தங்கிப் படித்த விடுதியில் ஒருநாள் இரவு ரவா உப்புமா. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் விரலால் உப்புமாவை விலக்கிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று, சிறுசாக, கறுப்புத் தலையோடு இரண்டு. யாரும் கத்தவில்லை. அவள் தட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து, மேஜைமேல் அதைக் கவிழ்த்து வைத்தாள். எவர்சில்வர் தட்டு மேஜையில் படுகிற சத்தம். அடுத்தவள் வைத்தாள். அப்புறம் அந்த வரிசை. கூடம் முழுக்க அந்தச் சத்தம் ஒன்றுதான், ஒன்றன்பின் ஒன்றாக. வார்டன் வந்து நின்றபோது ஏறக்குறைய நூறு தட்டுகள் குப்புறக் கிடந்தன. மறுநாள் ரவை மூட்டை மாறியது. அன்றைக்கு எனக்கு 'ரிவோல்ட்' என்ற சொல் நினைவுக்கு வரவில்லை. ஆனால் வயிறு புரண்டதும் தட்டு புரண்டதும் ஒரே நிமிடத்தில் நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

சரி, இனி இதை ஆங்கிலத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். தொடக்க நிலையில் ஒரு விஷயம் பிடிபட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். வினைக்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். 'தே ரிவோல்ட்டட்' என்று வாக்கியம் அங்கேயே நின்றால் அவர்கள் கலகம் செய்தார்கள். 'தே ரிவோல்ட்டட் அகென்ஸ்ட் த கிங்' என்றால் அரசனை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். 'த ஸ்மெல் ரிவோல்ட்டட் மீ' என்று 'மீ', 'ஹிம்', 'அஸ்' மாதிரி ஓர் ஆள் பின்னால் வந்தால் அந்த வாடை எனக்குக் குமட்டியது. அதாவது, 'தே ரிவோல்ட்டட் த கிங்' என்று நடுவில் 'அகென்ஸ்ட்' இல்லாமல் எழுதினால், அரசனுக்கு அவர்களைப் பார்த்து அருவருப்பு வந்தது என்று அர்த்தம் போய்விடும். ஒரே ஒரு சின்னச் சொல் விட்டுப்போனதில் கலகமே காணாமல் போகும்.

செயப்பாட்டு வினையில் குழப்பமே இல்லை. 'ஐ வாஸ் ரிவோல்ட்டட் பை' என்று வந்தால் எனக்கு அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். சில எழுத்துகளில் 'த மைண்ட் ரிவோல்ட்ஸ் அட் த தாட்' என்ற மாதிரி வரும். அதை நினைக்கவே மனம் கூசுகிறது என்று தமிழில் சொல்வோம். இது கொஞ்சம் புத்தக நடை. பேச்சில் அதிகம் வராது. மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. பின்னால் 'அட்' வந்தால் சந்தேகப்படுங்கள்.

பெயர்ச்சொல்லுக்கு வந்தால், 'எ ரிவோல்ட்' என்பது கலகம் மட்டும்தான். அருவருப்புக்குப் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'டிஸ்கஸ்ட்' அல்லது 'ரிவல்ஷன்' என்று போட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: 'ரிவல்ஷன்' ஒலியிலும் பொருளிலும் 'ரிவோல்ட்'டின் தங்கை போலவே இருக்கும். ஆனால் உறவே கிடையாது. அது லத்தீனில் 'பிடுங்கு, இழு' என்ற பொருளுள்ள 'வெல்லெரே' என்ற வேறு வினையிலிருந்து வந்தது. முதலில் வைத்தியர்களின் சொல்லாக இருந்து, உடம்பின் ஓரிடத்து நோயை வேறிடத்துக்கு இழுத்துவிடுவதைக் குறித்தது. 'டிஸ்கஸ்ட்' என்பதன் உள்ளே இருப்பது சுவை; நாக்கு ஒப்பாதது என்பது அதன் மூலப்பொருள்.

பத்திரிகை படிக்கும்போது கண்ணில் படும் சேர்க்கைகள் சில. கலகம் வெடித்தது என்பதற்கு 'ப்ரோக் அவுட்'. அடக்கினார்கள் என்பதற்கு 'புட் டவுன்' அல்லது 'க்ரஷ்ட்'. வெளிப்படையாகவே எதிர்த்து நிற்கிறார்கள் என்றால் 'இன் ஓப்பன் ரிவோல்ட்'. பிரிட்டன் நாடாளுமன்றச் செய்திகளில் 'பேக்பெஞ்ச் ரிவோல்ட்' அடிக்கடி வரும். ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்கள் தங்கள் தலைமைக்கே எதிராக ஓட்டுப் போடுவதுதான் அது. அங்கே யாரும் கத்தியைத் தூக்குவதில்லை. நம்மூர்ச் செய்தித்தாளில் "போர்க்கொடி தூக்கினர்" என்று எழுதுவார்களே, அது இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். 'டாக்ஸ் ரிவோல்ட்' என்றால் வரியை எதிர்த்து மக்கள் திரளுவது. 1978-ல் கலிஃபோர்னியாவில் சொத்துவரிக்கு எதிராக ஓட்டுப் போட்டு வரம்பு கொண்டுவந்ததை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

'ரிவோல்ட்டிங்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். பிடிக்கவில்லை, சுமார்தான் என்கிற அளவுக்கு இதைப் போடக்கூடாது. அழுகல் வாடை, புழு, கொடூரமான குற்றம் மாதிரி விஷயங்களுக்கான சொல் இது. ஒருவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குழம்பை இந்தச் சொல்லால் குறித்தால் அந்த வீட்டுப் படியை அப்புறம் மிதிக்க முடியாது.

உச்சரிப்பு எளிது. 'ரி' லேசாக, 'வோல்ட்' அழுத்தமாக. மின்னழுத்தத்தை அளக்கும் 'வோல்ட்' மாதிரியேதான் ஒலிக்கும். ஆனால் அந்த வோல்ட், வோல்டா என்ற இத்தாலிய விஞ்ஞானியின் பெயரிலிருந்து வந்தது. பெயராக வந்தாலும் வினையாக வந்தாலும் அழுத்தம் இரண்டாம் அசையில்தான். அதன் பங்காளியான 'ரெபெல்' அப்படியில்லை. கலகக்காரனைச் சொல்லும்போது முதல் அசையிலும், கலகம் செய்வதைச் சொல்லும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும்.

'ரெபெல்' என்று சொன்னதும் மற்ற உறவுக்காரச் சொற்களும் வரிசையில் வந்துவிடும். அவற்றை எல்லாம் பிரித்துக் காட்டப் போனால் பக்கம் போதாது. முக்கியமான இரண்டை மட்டும் சொல்கிறேன். 'ம்யூட்டினி' என்பது கட்டளைக்குக் கட்டுப்பட்டவர்கள், அதாவது படைவீரர்களும் மாலுமிகளும், மேலதிகாரியை மீறுவது. அதனால் அந்தச் சொல்லுக்குள்ளேயே "கீழ்ப்படிந்திருக்க வேண்டியவர்கள்" என்ற தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. 'ரெவல்யூஷன்' என்பது ஆட்சியும் சமூக அமைப்புமே மாறிப்போவது. 'ரிவோல்ட்' இரண்டுக்கும் நடுவில். எழுந்தார்கள் என்று மட்டும் சொல்லும். வென்றார்களா தோற்றார்களா என்பதை அது சொல்லாது. 1789 ஜூலையில் பாஸ்டில் சிறை விழுந்த செய்தியைக் கேட்டு, "இது கலகமா?" என்று பதினாறாம் லூயி கேட்டாராம். "இல்லை அரசே, இது புரட்சி" என்று ஒரு பிரபு பதில் சொன்னாராம். பிரெஞ்சில் அவை 'ரெவோல்த்', 'ரெவோல்யூசியோன்'. காலம்காலமாகச் சொல்லப்பட்டு வருகிற கதை இது. அந்த அரசர் நின்றுகொண்டிருந்தது இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே இருக்கிற தூரத்தில்தான்.

எந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 1381-ல் தலைவரியை எதிர்த்து வாட் டைலர் தலைமையில் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்ததை இன்று 'பெஸன்ட்ஸ் ரிவோல்ட்' என்கிறோம். ஆனால் 'ரிவோல்ட்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு வரவே இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்த மக்கள் தங்கள் செயலின் பெயரைக் காதால் கேட்டதே இல்லை. 1857-க்கோ பெயர்கள் ஏராளம். ஆங்கிலேய அதிகாரிகள் 'ம்யூட்டினி' என்றார்கள். நம் பாட்டன்மார் காலத்துப் புத்தகங்களில் அது 'சிப்பாய்க் கலகம்' என்று வந்தது. சாவர்க்கர் 1909-ல் வெளிவந்த தன் நூலில் அதைச் சுதந்திரப் போர் என்றார். இந்தியப் பாடப்புத்தகங்களில் 'ரிவோல்ட் ஆஃப் 1857' என்று வருவது, இரண்டு கரைக்கும் நடுவில் நிற்கிற பெயர். வேலூரையும் அப்படித்தான் ஒருவர் கலகம் என்பார், இன்னொருவர் புரட்சி என்பார். தமிழில் 'கலகம்' என்றால் அமைதியைக் கெடுத்தவர்கள் என்ற வாடை ஒட்டிக்கொள்கிறது. 'கிளர்ச்சி' அதைவிட நடுநிலை. 'எழுச்சி' என்று எழுதினால் எழுதுகிறவர் அவர்கள் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். மொழிபெயர்க்கிறவர்கள் இதை நிதானமாக யோசித்துத்தான் எழுத வேண்டும். நானாக இருந்தால் பெரும்பாலும் 'கிளர்ச்சி' போடுவேன். 1857-க்கும் வேலூருக்கும் மட்டும் 'எழுச்சி'.

தமிழ்நாட்டில் இந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தனியாக ஓர் இடம் உண்டு. பெரியார் 1928-ல் சுயமரியாதை இயக்கத்துக்காக ஓர் ஆங்கில வார இதழ் தொடங்கினார். அதன் பெயர் 'ரிவோல்ட்'. பிறகு, அவருடைய தமிழ் இதழான 'குடி அரசு' அரசின் நடவடிக்கையால் நின்றபோது 1933-ல் அவர் கொண்டுவந்த தமிழ் இதழின் பெயர் 'புரட்சி'. சாதி இழிவைக் கண்டு அருவருத்து, அந்த அமைப்பைவிட்டே திரும்பி நிற்கச் சொன்ன ஓர் இயக்கத்துக்கு, இரண்டு பொருளையும் தாங்குகிற இந்தச் சொல்லைவிடப் பொருத்தமான பெயர் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் முன்னாலேயே, 1917 ரஷ்யாவை 'யுகப் புரட்சி' என்று பாடிவிட்டார் பாரதி.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் முழுதாகச் சொல்லவில்லை. அவளுக்கு மறுநாள் தேர்வு. வினைக்குப் பின்னால் ஆள் வருகிறதா, 'அகென்ஸ்ட்' வருகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். தோட்டாக் கதையைச் சொன்னேன். அவள் பழைய வரியை அடித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக இரண்டு புது வரிகள் எழுதினாள். முதல் வரி: 'த க்ரீஸ்ட் கார்ட்ரிட்ஜஸ் ரிவோல்ட்டட் த ஸிப்பாய்ஸ்.' இரண்டாம் வரி: 'த ஸிப்பாய்ஸ் ரிவோல்ட்டட்.'

எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பினாள். "ரெண்டு வரியிலயும் ஒரே வார்த்தை வருதே, மிஸ் அடிச்சிட மாட்டாங்களா அக்கா?" என்றாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.